டெல்டா சாலையில் டைம் ட்ரையல்: டிராப் பாரா, ஏரோ பாரா, தனி டி.டி. வண்டியா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் ரோடு பைக் ஓட்டுபவர்கள், தனி ஆளாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் ட்ரையலுக்குத் தயாராகத் தொடங்கியதும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். இருக்கிற வண்டியின் வளைந்த டிராப் பாரிலேயே குனிந்து ஓட்டுவதா, முன்கைகளைத் தாங்கிகளில் வைத்து முன்னால் படுத்து ஓட்ட உதவும் ஏரோ பாரை அதன்மேல் பூட்டுவதா, பணம் சேர்த்து டைம் ட்ரையலுக்கென்றே செய்த தனி டி.டி. வண்டி வாங்குவதா என்பதே அந்தக் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சாலைகளில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டும் பெரும்பாலோருக்கு ஏரோ பாரே பொருத்தமானது. ஆனால் அதை வாங்கிப் பூட்டுவதோடு வேலை முடிவதில்லை. இருக்கையை நகர்த்தாமல் பூட்டிய ஏரோ பார், தர வேண்டிய பயனைத் தராமல் இடுப்பு வலியை மட்டும் தரும்.

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ.யைத் தாண்டியபின் நாம் மிதிக்கும் மிதியில் பெரும்பகுதியைக் காற்றே எடுத்துக்கொள்கிறது. காற்றெதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடியில் கூடுகிறது. அந்த எதிர்ப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு வண்டியால் அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பால் வருவது. ஆகவே விலையுயர்ந்த சக்கரத்தைத் தேடுவதற்கு முன் உட்காரும் முறையைச் சரிசெய்வதே அறிவுடைமை. டெல்டாவில் ஆற்றுப்பாலத்தின் ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றமே கிடையாது என்பதால், எடை குறைந்த வண்டிக்காக ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கூடுதலாகக் கொடுப்பதில் இங்கே பொருளில்லை.

உடம்பின் முன்பரப்பையும் அதன் வடிவத்தையும் சேர்த்து இழுவைப் பரப்பு என்று ஒரே எண்ணாகச் சொல்வது வழக்கம். ஹூட்டின்மேல், அதாவது பிரேக் நெம்புகோலின் உறைமீது, கையை நீட்டி நிமிர்ந்து ஓட்டினால் அது 0.36 சதுர மீட்டர் அளவிலும், கைப்பிடியின் கீழ்வளைவான டிராப்பில் முழங்கையை மடக்கிக் குனிந்தால் 0.32 அளவிலும், ஏரோ பாரில் 0.28 அளவிலும், நன்கு பொருத்திய டி.டி. வண்டியில் 0.24 அளவிலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆளும் வண்டியும் சேர்ந்து 78 கிலோ, மிதிக்கும் திறன் 220 வாட், காற்றடிக்காத 30 டிகிரி காலை என்று கொண்டு 20 கி.மீ. தூரத்துக்குக் கணக்கிட்டால், நிமிர்ந்து ஓட்டுபவருக்கு 35 நிமிடம் 10 விநாடி ஆகிறது, டிராப்பில் 33 நிமிடம் 55 விநாடி, ஏரோ பாரில் 32 நிமிடம் 33 விநாடி, டி.டி. வண்டியில் 31 நிமிடம் 4 விநாடி. நம்மூர் வெப்பக் காற்று 15 டிகிரி குளிர்காற்றைவிட ஏறத்தாழ ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்தது என்பதால், குளிர்நாட்டில் எடுத்த நேரத்தை இங்கே எடுத்த நேரத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது.

டிராப் பாரில் ஓட்டுவதை மட்டமாக எண்ண வேண்டாம். நிமிர்ந்த நிலையிலிருந்து குனிந்த நிலைக்கு மாறுவதாலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சமாகிறது. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. டிராப்பைப் பிடித்துக் கையை விறைப்பாக நீட்டி ஓட்டுவதைவிட, ஹூட்டைப் பிடித்து முழங்கையை மடக்கி முன்கையைத் தரைக்கு இணையாக வைத்து ஓட்டுவது காற்றுக்குக் குறைவாகவே தடையாகும். ஆகவே எதைப் பிடிக்கிறோம் என்பதைவிட முழங்கை மடங்குகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் போட்டியில் சாதாரண மிதிவண்டிக்கே இடம் உண்டு; அந்தப் பிள்ளைகளுக்கும் முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தக் கற்றுக்கொடுத்துவிட்டால் பிற்காலத்தில் எந்த வண்டிக்கு மாறினாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும். குறை என்னவென்றால், முன்கைக்குத் தாங்கல் இல்லாததால் மடக்கிய நிலையை அரைமணி நேரம் பிடித்து வைப்பது கடினம். அதற்காகச் சிலர் கைப்பிடியின் மேல்பகுதியில் முன்கையைப் போட்டுக்கொண்டு, பிடிமானமே இல்லாமல் ஓட்டுகிறார்கள். கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயங்களில் இதை உலக மிதிவண்டி அமைப்பான யு.சி.ஐ. 2021 ஏப்ரல் முதல் தடைசெய்திருக்கிறது. தடையைப் பற்றிக் கவலையில்லாத நம் கிராமச் சாலையில்கூட ஒரு சிறு குழி போதும், ஆள் கீழே விழ. இதைச் செய்யவே கூடாது.

ஏரோ பாரின் வலிமையை உலகம் கண்ணால் கண்டது 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனிநேர ஓட்டம், கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். அவர் ஏரோ பார் பூட்டி, காற்றுக்கேற்ற தலைக்கவசம் அணிந்து ஓட்டினார். முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோன் ஏரோ பாரும் இல்லாமல் தலைக்கவசமும் இல்லாமல் ஓட்டினார். மூன்று வாரப் பந்தயம் 8 விநாடியில் லெமாண்டுக்குப் போனது.

இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு ஏரோ பார் கிடைக்கிறது. வாங்குமுன் கைப்பிடியின் நடுப்பகுதி உருண்டையாக, பூட்டுக்கேற்ற 31.8 மி.மீ. விட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் கைப்பிடியானால் ஏரோ பார் பூட்டத் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்பதையும் பார்த்தாக வேண்டும். பூட்டியபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. கும்பகோணத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் புதிதாக ஏரோ பார் பூட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, தொடை வயித்துல இடிக்குது, மூச்சு விட முடியல" என்றார். ரோடு பைக்கில் இருக்கை, பெடல்களைத் தாங்கும் கிராங்குகள் சுழலும் நடு அச்சான பெடல் அச்சுக்கு நன்றாகப் பின்னால் இருக்கும். அதே இடத்தில் உட்கார்ந்தபடி முன்னால் படுத்தால் இடுப்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கோணம் சுருங்கி, கால் மேலே வரும்போது வயிற்றில் முட்டுவது இயல்பே. இதற்கு மருந்து, உடம்பு முழுவதையும் பெடல் அச்சை மையமாக வைத்து முன்பக்கம் சுழற்றியதுபோல இருக்கையை முன்னுக்குக் கொண்டுவருவது.

அளப்பதற்குக் கொத்தனாரிடமிருந்து தூக்குக்குண்டும் ரசமட்டமும் வாங்கிக்கொண்டோம். வண்டியைத் திண்ணையோரம் மட்டமாக நிறுத்தி, இருக்கையின் மூக்கிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபோது நூல் பெடல் அச்சுக்கு ஆறு சென்டிமீட்டர் பின்னால் விழுந்தது. இருக்கையின் அடியில் உள்ள தண்டவாளக் கம்பிகளில் இருந்த இடத்தை முழுவதும் பயன்படுத்தி அதை இரண்டு சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். முன்னுக்கு வரும்போது இருக்கைக்கும் பெடலுக்கும் இடையிலான தூரம் குறைகிறது. மூன்று சென்டிமீட்டர் முன்னேற்றத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் உயர்த்தினால் காலின் நீட்டம் முன்போலவே இருக்கும். ஆகவே ஒன்றே கால் சென்டிமீட்டர் உயர்த்தி, ரசமட்டம் வைத்து மூக்கைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தோம். தண்டவாளம் போதாதவர்கள் பின்னோக்கி வளைவில்லாத நேர் சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு) போட்டுக்கொள்ளலாம். கிராங்கை 170 மி.மீ.யிலிருந்து 165க்கு மாற்றினாலும் இடுப்புக் கோணம் இன்னும் கொஞ்சம் திறக்கும். குட்டையானவர்களுக்கு இதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

அடுத்தது முழங்கைத் தாங்கியின் உயரம். எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு வேகம் என்று பலரும் நம்புகிறார்கள். அது முழு உண்மையல்ல. தாங்கியை ஓரளவு உயரத்தில் வைத்து, கையை மேல்நோக்கிச் சாய்த்து, அந்தக் கைகளுக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொள்ளும் நிலையே இன்று பெரிய பந்தயக்காரர்களிடமும் பரவலாகக் காணப்படுகிறது. மிகத் தாழ்ந்தவருக்கு எதிரே வரும் சாலையைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. நிமிர்த்திய தலை, தாழ்ந்த முதுகால் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேல்கைக்கும் உடம்புக்கும் இடையே ஏறத்தாழ 90 டிகிரி வரும்படி தொடங்கி, முழங்கைகளைத் தோளகலத்துக்குள் கொண்டுவந்து, ஒரு மாதத்துக்கு மேல் பழகியபின் தாங்கியின் அடியில் உள்ள வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து இறக்கிப் பார்ப்பதே சரி.

தனி டி.டி. வண்டியைப் பற்றி நீளமாகச் சொல்ல அவசியமில்லை. அதன் இருக்கைக்குழாய் 76 முதல் 80 டிகிரி வரை செங்குத்தாக நிற்பதால் மேலே சொன்ன சிரமம் எதுவும் இல்லாமல் உடம்பு சரியான இடத்தில் உட்காருகிறது. கியர் மாற்றும் பொத்தான் ஏரோ பாரின் நுனியிலேயே இருக்கிறது. தேசியப் போட்டி வரை போகிறவருக்கு இதற்கு மாற்று கிடையாது. ஆனால் விலை லட்சங்களில் தொடங்குகிறது. கூட்டமாகப் பயிற்சி ஓட்ட அது உதவாது. பிரேக் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும் நேரம் மிக அதிகம்.

இந்தக் கடைசிக் குறைதான் டெல்டாவில் பெரிதாகிவிடுகிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சுமார் 12 கி.மீ. சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு பாலத்திலும் கான்கிரீட் பலகைகள் சேரும் இடைவெளியில் முன்சக்கரம் தட்டும். அங்கே ஏரோ பாரில் படுத்திருப்பது ஆபத்து. ஊருக்கு ஊர் வேகத்தடை. தை, மாசியில் சம்பா அறுவடையானால் சாலையின் பாதியில் நெல்லும் வைக்கோலும் காயும். பிறகு அதே இடத்தில் உளுந்துச் செடியைப் பரப்புவார்கள். அறுவடை முடிந்த வயலுக்கு மேய வந்த வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்கத் தொடங்கினால் நின்றுதான் ஆக வேண்டும். சாலை உழவருக்கும் உரியது என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. உட்காரும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

சேர்த்துப் பார்த்தால் இப்படி வருகிறது. டி.டி. வண்டியின் மிகத் தாழ்ந்த நிலைக்குப் பழகாதவர் 220 வாட்டுக்குப் பதில் 200 வாட்டே மிதிக்கிறார் என்றும், பாலத்துக்கும் வேகத்தடைக்குமாக அஞ்சி கால்பங்கு தூரம் நிமிர்ந்தே ஓட்டுகிறார் என்றும் வைத்தால், அவருடைய 20 கி.மீ. நேரம் 33 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. ஏரோ பாரில் சௌகரியமாக 220 வாட் மிதித்து, பத்தில் ஒரு பங்கு தூரம் மட்டும் ஹூட்டுக்கு எழுந்துகொள்பவர் 33 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்.

எது தமக்கு ஒத்துவருகிறது என்பதைச் சாலையிலேயே சோதித்துக்கொள்ளலாம். சரிவில் வண்டியை உருளவிட்டு அளக்கும் முறைக்கு இங்கே சரிவு இல்லை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று எந்த அளவையும் குலைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றும் மழையும். மாசி, பங்குனியில் விடிவதற்குச் சற்று முன் காற்று அசையாத நேரமே ஏற்றது. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கிழக்கே போகும் சாலையில் வேகத்தடை இல்லாத மூன்று கிலோமீட்டர் பகுதியைத் தேர்ந்துகொண்டு, ஒரே வாட்டில் போய்த் திரும்பி இரு திசை நேரத்தையும் கூட்ட வேண்டும். டயர் காற்றழுத்தம், சட்டை, தலைக்கவசம் எதுவும் மாறக் கூடாது. மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் இல்லாதவர் ஒரே இதயத்துடிப்பில் ஓட்டலாம், ஆனால் அதற்கு வெவ்வேறு நாட்களில் பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு காலையில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் சோதிக்க வேண்டும். தாங்கியை ஒரு வளையம் இறக்கியும் நேரம் குறையவில்லையென்றால், அந்த வளையத்தைத் திரும்பப் போட்டுவிட்டு முழங்கை அகலத்தைச் சோதிக்கப் போகலாம்.