29 அங்குலம் போகும் என்று எழுதியிருக்கிற சைக்கிள் பை: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

சைக்கிளைக் கழற்றி வைத்துப் பயணத்தில் கொண்டுபோகிற இந்தப் பையின் விலை இறங்கினதிலிருந்து ஒரே கேள்விதான்: "அண்ணை, என்ர சைக்கிள் உதுக்குள்ள போகுமோ?" கேட்கிற எல்லாரும் சில்லின் அளவைத்தான் சொல்கிறார்கள். பிழை அவர்களில் இல்லை. பையோடு வருகிற மட்டையில் கொட்டை எழுத்தில் "29 அங்குலம் வரை" என்று அடித்திருக்கிறார்கள். இரண்டு வருடம் பாவித்தும் ஆறாத எரிச்சல் அந்த ஒற்றை வரியில்தான். இந்தப் பையில் சில்லு ஒருநாளும் இடைஞ்சல் தருவதில்லை.

றேஸ் சைக்கிளின் 700சி றிம்மில் 25 மி.மீ. ரயர் போட்டால் விட்டம் 67 செ.மீ. 29 அங்குல மவுண்டன் சைக்கிளுக்கும் அதே 622 மி.மீ. றிம்தான், ரயரின் தடிப்பால் 74 செ.மீ. வரை வரும். இரண்டுமே பையின் பக்கங்களில் சில்லுக்கென்று உள்ள அறைகளுக்குள் சிரமமில்லாமல் இறங்கும். இடிக்கிறது ஃபிரேம். அதிலும் பின் கியர், செயினை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொங்குகிற அந்தக் கை.

மட்டையில் உள்ள 130 × 80 × 25 செ.மீ. வெளி அளவு. சுவர் ஒவ்வொன்றிலும் ஒன்றரை செ.மீ. ஸ்பொஞ்ச் இருப்பதால் உள்ளே மிஞ்சுவது 127 × 77 × 22. அதோடு மூலைகள் நாலும் வளைவு. எனவே வாங்குவதற்கு முன் சீமெந்து நிலத்தில் சோக்கால் 127க்கு 77 பெட்டி ஒன்று கீறுங்கோ. 24 செ.மீ. அகலமான சாப்பாட்டுக் கோப்பையை ஒவ்வொரு மூலையிலும் கவிழ்த்து வைத்து வளைவையும் கீறி, வெளியே நிற்கும் முனையை அழித்துவிடுங்கோ. இரண்டு சில்லையும் கழற்றி, ஃபிரேமைப் பெரிய பல்சக்கரம் கீழ்க்கோட்டில் முட்டுகிற மாதிரிக் கிடத்துங்கோ. கோட்டுக்கு வெளியே என்ன நீட்டுதோ அதுதான் பதில். ரேப் வைத்து அளந்து கணக்குப் போடுவதைவிட இது திறம்.

கணக்கு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 56 அளவு றேஸ் சைக்கிளில் முன்சில்லு அச்சிலிருந்து பின்சில்லு அச்சுவரை, அதாவது அச்சுக்கு அச்சு, 99 செ.மீ. அளவில் வரும். பின் கியருக்கு 5, போர்க்கின் நுனிக்கு 2 சேர்த்தால் 106. நீளத்தில் பயமில்லை. உயரத்தில், 50 பல் சக்கரத்தின் அரைவிட்டம் 10 செ.மீ. பெடல் அச்சிலிருந்து சீற் மேல்வரை குழாய் வழியே 73 என்றால், குழாய் சரிந்திருப்பதால் நேர் உயரம் 70. மொத்தம் 80, உள்ளே இருப்பது 77. அதால் சீற் கம்பத்தை இறக்கத்தான் வேண்டும். இறக்க முதல் கம்பத்தில் ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கோ, இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது உயரம் பிசகி முழங்கால் நோகும்.

பெரிய அளவு 29 அங்குல மவுண்டன் சைக்கிளில் அச்சுக்கு அச்சு 120 வரை போகும். மற்ற 7ஐயும் சேர்த்தால் 127, ஒரு மில்லிமீற்றர்கூட மிச்சமில்லை. மட்டையின் பொய் வெளிக்கிற இடம் இது. ஒரு வழி உண்டு: முன்சில்லைக் கழற்றினபின் போர்க்கைப் பின்பக்கம் திருப்பினால் கிட்டத்தட்ட 8 செ.மீ. குறையும். ஆனால் சில சைக்கிள்களில் போர்க்கின் தோள் கீழ்க்குழாயில் முட்டிப் பெயின்ற் உரியும். பிறேக் ஹோஸ் நீளம் போதாவிட்டால் திருப்பவே ஏலாது.

எதுவானாலும் பின் கியரை அதன் இடத்தில் விட்டு சிப்பை மூடாதேங்கோ. அது தொங்குவது சரியாகக் கீழ் மூலை வளைவில். சிப்பும் அந்த வளைவால்தான் போகிறது. இழுத்து மூடினால் சிப்புப் பல் விரியும், பின் கியரை ஃபிரேமில் தாங்குகிற துண்டான ஹாங்கர் உள்ளே வளையும். வளைந்த ஹாங்கரோடு ஓடிப் பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் சில்லுக் கம்பிக்குள் சிக்கினால் செலவு பையின் விலையைத் தாண்டும். 5 மி.மீ. அலன் சாவியால் ஒரு போல்ட்டைக் கழற்றி, துணி சுற்றி, ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கோ. ஐந்து நிமிட வேலை. இதை ஒரு வரியில் மட்டையில் எழுதியிருக்கலாம்.

பின் போர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே முட்டுக்கொடுக்கவும் வேண்டும். பழைய றிம் பிறேக் றேஸ் சைக்கிளுக்கு 130 மி.மீ. நீளத்துக்குத் தும்புத்தடிக் கம்பை வெட்டி வைத்தால் போதும். முன்னுக்கு 100. டிஸ்க் பிறேக் என்றால் பாட் இரண்டுக்கும் நடுவே மடித்த காட்போட் துண்டு. சில்லில்லாமல் பிறேக்கை அமத்தினால் பிஸ்ரன் வெளியே வந்துவிடும். பெடல் கழற்ற 15 மி.மீ. ஸ்பனர் அல்லது 8 மி.மீ. அலன், இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். பல்சக்கரத்தின் கீழ் ரிஜிபோம் கட்டை வைத்துப் பாரத்தை அதிலே இறக்குங்கோ. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் காணும். விமானத்தில் ரயர் வெடிக்கும் என்பது கதை, பொதி அறையிலும் காற்றழுத்தம் இருக்கிறது.

22 அகலம் என்பது பேச்சுக்குத்தான். சில்லின் நடுக்கட்டையும் கிராங்கும் தள்ளப் பை 30 வரை வீங்கும். துணிப்பை என்பதால் அதைச் சகித்துக்கொள்கிறது.

லுமாலா மாதிரிப் பார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: விடுங்கோ. 28 × 1½ சில்லு 71 செ.மீ., அதுவும் உள்ளே போகும்தான். ஆனால் மட்காட், கரியர், செயின் கவர், ஸ்ராண்ட் எல்லாம் கழற்றவேணும். கம்பி பிறேக் உள்ளதில் ஹாண்டிலை எடுக்கக் கம்பிகளையும் பிரிக்கவேணும். அரைநாள் வேலை, திரும்பப் பூட்ட இன்னொரு அரைநாள். கொழும்புக்கு என்றால் ரெயின் பொதிப் பகுதியில் முழுசாகக் கொடுத்து அனுப்பலாமோ என்று முதலில் விசாரியுங்கோ.

நியாயமாகப் பேசினால் பையின் துணி நல்ல துணி. அடித்தட்டு இன்னும் வெடிக்கவில்லை. கீழே உள்ள சின்னச் சில்லுகள் யாழ்ப்பாணத்து மணல் ஒழுங்கையில் உருளாது, நிலையத்துத் தரையில் நன்றாக ஓடும். உப்புக்காற்றுக்கு சிப்பின் இழுவை பூத்துப்போகும், மெழுகுதிரியைத் தேய்த்து வைத்தால் வழுக்கும். மடித்துத் தகரக் கூரையின் கீழ் போடாதேங்கோ, உட்பூச்சு பிசுபிசுத்து உரியும். சொகுசு பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் கிடத்தினால் கியர்ப் பக்கம் மேலே வரவேணும், வெளியே பெரிதாக எழுதி ஒட்டுங்கோ.

பலாலியால் போகிறவர்களுக்கு: சென்னைக்குப் பறக்கிற ஏரிஆர் 72 சின்ன விமானம். மூன்று அளவையும் கூட்டினால் 235 செ.மீ., சாதாரணப் பொதிக்குப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை 158. ரிக்கற் எடுக்க முதலே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கோ.

இவ்வளவு நல்லது சொல்லியும், இப்போதைய விலைக்கும் வாங்காதேங்கோ என்றுதான் சொல்வேன். புதுச் சைக்கிள் வந்த காட்போட் பெட்டியைக் கடையில் கேட்டு எடுத்தால் அதற்கு வளைந்த மூலை கிடையாது. ஏற்கெனவே வாங்கினவர்கள் சிப்பைப் பின் மூலையிலிருந்து தொடங்கி முன்பக்கம் இழுத்து மூடுங்கோ. மற்றப் பக்கத்தால் வந்தால் இழுவை முழுதும் அந்த வளைவில் போய்த்தான் விழும்.