சுயபரிவு ஒலிப்பதிவுகள்: நல்ல பயிற்சி, ஆனால் தமிழை நாம்தான் போட வேண்டும்

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப்பின் இணையதளத்தில் சுயபரிவுக்கான, அதாவது நமக்கு நாமே பரிவு காட்டப் பழகுவதற்கான, ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சுமார் 20 நிமிடப் பதிவுகளும் உண்டு. தொடங்குபவருக்கு 5 நிமிடப் பதிவு ஒன்றே போதும். அதில் மூன்று படிகள். இப்போது வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வது, இப்படி வலிப்பது மனிதர் எல்லோருக்கும் உள்ளதுதான் என்று நினைப்பது, நெஞ்சில் கை வைத்துத் தனக்குத் தானே இதமாக ஒரு சொல் சொல்வது.

பதிவுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதைவிட மொழிபெயர்ப்புதான் பெரிய சிக்கல். சுயபரிவைத் 'தன்னிரக்கம்' என்று மொழிபெயர்த்தால், தமிழில் அது "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற புலம்பல்; இந்தப் பயிற்சியோ அதற்கு நேர் எதிர். "நான் என்மீது அன்பாக இருப்பேனாக" என்று வரிக்கு வரி மாற்றினால் வாயிலேயே ஒட்டாது. பரீட்சையில் தவறிய தங்கையிடம் பேசுவதுபோல, "சரி விடும்மா, கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். அதையே அதட்டும் குரலில் சொன்னால் பலன் இல்லை.

பலரும் இடறுவது இரண்டாம் படியில். சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த கடலூரில், "அவங்க வீடே போச்சு, உனக்கென்ன?" என்ற பேச்சு சட்டென்று வந்துவிடும். அது ஒப்பீடு, வலியை அமுக்கத்தான் செய்யும். "அவங்களுக்கும் வலிச்சுது, எனக்கும் வலிக்குது" என்பதே சரியான சொல்.

பரிவாகப் பேசத் தொடங்கியதும் சிலருக்குப் பழைய துக்கம் பொங்கி அழுகை வரும். உள்ளே தீ கனலும் அடைத்த அறையின் கதவைத் திறந்ததும் காற்றுப் புகுந்து நெருப்பு சீறுவது போன்றது இது. பயிற்சி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சொற்களை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோங்கள். கடலூர் சில்வர் பீச்சின் ஈர மணலில் வெறுங்காலோடு மெல்ல நடப்பது இதற்கு அருமையான வழி. புதுச்சேரிக்காரர்களுக்கு, காலையில் வண்டிகள் விடுவதற்கு முன்னான கடற்கரைச் சாலை. நெஞ்சில் கை வைக்கக் கூச்சமாக இருந்தால் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டாலும் போதும்.

உயிரை விடலாம் என்ற எண்ணம் வருபவருக்கு இந்தப் பதிவுகள் போதாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உடனே பேச வேண்டும். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மற்றவர்கள் முதல் வாரம் பெரிய காயத்தைத் தொட வேண்டாம். பத்துக்கு மூன்று அளவில் உறுத்தும் விஷயம் ஒன்றை எடுங்கள்: பஸ்ஸைத் தவறவிட்டது, குழந்தையிடம் கத்தியது. தினமும் ஒரு முறை, 5 நிமிடம்.