பி.காம். முடித்தவருக்கு: சி.ஏ.வா, வங்கி அதிகாரித் தேர்வா?

வங்கித் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரித் தேர்வுக்கு வயது 20 முதல் 30 வரை; முதல்நிலை, முதன்மை, நேர்காணல். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். தேறினால் முதல் மாதமே நல்ல சம்பளம், வீட்டில் நிம்மதி. இடமாற்றம்தான் தொல்லை: தென்காசிக்காரர் பாட்னா கிளையில் கடன் கோப்புகளைப் புரட்ட நேரலாம்.

சி.ஏ. எனும் ஆடிட்டர் படிப்பு வேறு ரகம். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் தொடக்கத் தேர்வு இல்லாமல் நேரே இன்டர்மீடியட் எழுதலாம். அதில் இரண்டு குரூப்பும் (தாள்களின் தொகுதி) தேறி, 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி, பிறகு ஃபைனல். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். எல்லாத் தாளிலும் 45 வாங்கியவரும் தோற்றவர்தான். (இந்த ஒரு விதி எத்தனை பேரைப் படுத்துகிறது!) பயிற்சிக்கால உதவித்தொகை பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். ஆனால் கடைக்காரர் மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டும் பில்களைப் பிரித்து, ஜி.எஸ்.டி. கணக்கோடு ஒப்பிட்டுப் பழகியவருக்கு வியாபாரத்தின் உள்விவகாரம் அத்துப்படி. பின்னாளில் சொந்த ஊரிலேயே அலுவலகம் திறக்கலாம்.

வீட்டில் கடன் நெருக்கினால் வங்கி. நான்கைந்து ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமென்றால் சி.ஏ.தான் என்பேன். இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன் என்பவர்களிடம் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை.