ஆறு வருஷம், ஒரு டஜன் கார்பன் அம்பு, மிச்சம் ஐந்து

கார்பன் அம்பு வாங்கிய புதிதில் புல்லுக்குள் புகுந்து காணாமல் போய்விடக் கூடாதே என்பது ஒன்றுதான் என் கவலை. உடையும் என்று தெரியும், உடைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடுமே என்று நினைத்திருந்தேன். அங்கேதான் தப்பு. ஆறு வருஷமாக அதே டஜனை வைத்து வாரத்தில் மூன்று நாள் எய்கிறேன், பன்னிரண்டில் ஏழு போய்விட்டன. இரண்டு தொலைந்தவை, ஒன்று எய்யும்போதே உடைந்தது, மீதி நான்கை நானே கழித்துக்கட்டினேன். அந்த நான்கில் மூன்றைக் கையில் கொடுத்தால் புதுசு என்றுதான் சொல்வீர்கள்.

அதற்கு முன்பு அலுமினியம் எய்தவன் நான். அலுமினியத்துக்கு ஒரு நல்ல குணம், அடிபட்டால் வளையும், வளைந்தபடியே நிற்கும், விரல் நுனியில் சுழற்றினாலே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், பார்வைக்கு நேராக இருந்துகொண்டே உள்ளே விரிசல் விட்டிருக்கும். இழைகளைப் பிசின்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது, பிசின் விட்டுப்போன இடத்தில் அவை மூங்கில் பிளாச்சு மாதிரி நீளவாட்டில் பிரியும். இதில் இன்னொன்று, நாணை விட்டதும் அம்பு குச்சி மாதிரி விறைப்பாகக் கிளம்புவதில்லை. பின்னாலிருந்து வரும் தள்ளலில் மீன் போல நெளிந்துகொண்டுதான் புறப்படும். விரிசல் விட்ட அம்பு முறிவதென்றால் பெரும்பாலும் அந்த முதல் நெளிவில்தான், அப்போது அது வில் பிடித்த கையை ஒட்டி இருக்கும்.

என் ஏழாம் எண் அம்பு அப்படித்தான் போனது. இறகுக்குப் பக்கத்தில் எல்லா அம்புக்கும் எண் எழுதி வைத்திருக்கிறேன், எதற்கு எப்போது அடிபட்டது என்று நினைவு வைக்க அதுதான் வழி. 18 மீட்டரில் ஒரே வட்டத்தில் எய்துகொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம், பின்னால் போன அம்பு ஏழாம் எண்ணின் வாலை இடித்திருக்கிறது. உள்ளுக்குள் பெருமைதான். போய்ப் பார்த்தால் நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் துண்டு, அதைத்தான் நாக் என்போம், அதன் ஓரம் மட்டும் நசுங்கியிருந்தது. புது நாக் மாட்டினேன், வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். அடுத்த சுற்றில் நாணை விட்டதும் காய்ந்த விறகு முறிகிற சத்தம். முன்பாதி பத்தடி தள்ளித் தரையில் கிடந்தது, பின்பாதியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கைக்காப்பின் மேல் கத்தியால் கீறினது போல நீளமாக ஒரு கோடு. காப்பைக் கழற்றி, கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கார்பன் சிலாம்பு சதையில் ஏறினால் எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து டார்கெட்டில் பிடுங்கிய அம்பை வளைத்துப் பார்க்காமல் மறுபடி நாணில் வைப்பதில்லை. திரும்பி நடந்து வரும்போதே செய்கிற வேலைதான், ஆறு அம்புக்கு ஓரிரு நிமிடம் ஆகும். முதலில் முனையிலிருந்து நாக் வரை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன், கறுப்புத் தண்டில் மயிரிழை விரிசல் நேராகப் பார்த்தால் தெரியாது. பிறகு ஒரு கை முனைக்குப் பக்கத்தில், மறு கை நாக்குக்குக் கொஞ்சம் கீழே, முகத்தை விட்டுத் தள்ளிப் பிடித்து, நடுப்பகுதி இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகும் அளவுக்கு மெதுவாக வளைக்க வேண்டும். கால்சுற்று திருப்பி மறுபடி, இப்படி நாலைந்து தடவை, சுற்றிலும் எல்லாப் பக்கமும் வர வேண்டும். கடைசியில் ஈரத்துணியைப் பிழிவது போல இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்ப்பேன், லேசாகத் திருகிக்கொடுத்தால் அந்த அம்பு முடிந்தது. இதில் காதுக்குத்தான் அதிக வேலை. மூன்றாம் எண்ணை வளைத்தபோது ஒரே ஒரு 'டிக்', சருகை மிதித்தால் வருமே அவ்வளவு சின்னதாக. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, விரல் நகத்துக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. சூடாக்கினால் இளகும் பசைதான் போட்டிருந்தேன், அதனால் வெந்நீரில் முக்கி முனையைக் கழற்றினேன். நெருப்பில் காட்டிக் கழற்றாதீர்கள், பிசின் கெட்டு நல்ல அம்பும் வீணாகும். பார்த்தால் முனை உட்கார்ந்திருந்த இடத்துக்குள்ளே உளுந்து நீளத்துக்கு ஒரு கீறல். என்றைக்கோ கல்லில் மோதியபோது முனை உள்ளே அழுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்றைப் பஞ்சுதான் பிடித்துக்கொடுத்தது. தண்டு நெடுக ஒரு துண்டுப் பஞ்சை இழுத்தால், இழை எழும்பிய இடத்தில் நூல் மாட்டி நிற்கும். வெறும் விரலால் தடவிப் பார்க்கிறவர்களைப் பார்க்கிறேன், நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு சிலாம்பு ஏறி நான்கு நாள் கடுக்கும் வரை. சுழற்றிப் பார்ப்பதை மட்டும் நம்புகிறவர்களும் உண்டு. அது முனை கோணாமல் இருக்கிறதா என்றுதான் சொல்லும், விரிசலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நாக்கை நான் ரொம்ப நாள் கண்டுகொள்ளவே இல்லை. அது நாணை விட்டு நழுவினாலோ பிளந்தாலோ வெறும் நாணை இழுத்து விட்ட மாதிரிதான், வில்லின் கைகளே, அதாவது மேலும் கீழும் வளைகிற பாகங்களே, உடைந்துபோகலாம். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிற்க வேண்டும், நாணை லேசாகத் தட்டினால் விழ வேண்டும். கீறலோ வெளுத்த கோடோ தெரிந்தால் மாற்றிவிடுவேன், ஏனென்றால் மொத்த அம்பிலும் விலை குறைந்தது அதுதான்.

வில்லை மாற்றியபோது ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். இழுவிசை கூடிய வில்லுக்கும் பழைய அம்புகளே போதும் என்று இருந்தேன், நல்லவேளை பயிற்சியாளர் ஸ்பைன் எண்ணைக் கேட்டார். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 880 கிராம் தொங்கவிட்டால் அது எவ்வளவு தொய்கிறது என்பதுதான் அந்த எண், 500 என்றால் அரை அங்குலம். எண் கூடக்கூட அம்பு மெத்து, பலமான வில்லுக்கு மெத்தான அம்பு ஆகாது. கடைசியில் இழுவிசையைக் குறைத்துக்கொண்டேன். அதே போல என்னைவிடக் கை நீளமானவர் அம்பு இரவல் கேட்டால் கொடுப்பதில்லை, முழுசாக இழுத்ததும் முனை, வில்லில் அம்பு உட்காரும் தாங்கியிலிருந்து பின்னால் நழுவினால் அந்த அம்பு அவர் கையிலேயே பாயும்.

கழித்த அம்பை என்ன செய்வது என்பதில்தான் கடைசியாகப் பாடம் கற்றேன். குப்பைக்கூடையில் நிறுத்தி வைத்த ஒன்றை எடுத்து ஒரு பையன் தன் அம்பறாத்தூணியில் செருகியிருந்தான். "நல்லாத்தானே இருக்கு அண்ணா?" என்றான். வாங்கி வளைத்துக் காட்டினேன், டிக். இப்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கி, தண்டு முழுக்க டேப் சுற்றித்தான் போடுகிறேன்.