குடோன் வாடகை கட்டினோம், மெஷின் மழையில் கிடந்தது

திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கம் புதுக் கட்டடம் கட்டி சென்ட்ரல் ஏ.சி. போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஆளின் பெயரைப் போடவில்லை. கோவையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு ஏ.சி. காண்ட்ராக்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் ஒருவர்தான் இப்படிச் செய்கிறார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

எங்களுடையது பனியன் ஏற்றுமதி யூனிட், மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. புதுக் கட்டடத்தின் தையல் ஹாலுக்கும் செக்கிங் ஹாலுக்கும் சேர்த்து நான்கு ஏ.ஹெச்.யூ. (ஏர் ஹேண்ட்லிங் யூனிட், காற்றைக் குளிரவைத்து அனுப்பும் பெட்டி) ஆர்டர் கொடுத்தோம். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரில் இருந்து வரும் தண்ணீர் காயில் என்கிற செம்புக் குழாய்ச் சுருளில் ஓடும், பெரிய ஃபேன் அதன் வழியாகக் காற்றை இழுத்து டக்ட் என்கிற காற்றுக் குழாய்க்குள் தள்ளும். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு இருக்கும்.

பணம் கொடுக்கும் கணக்கு ஆர்டரோடு 30 சதவீதம், மெட்டீரியல் வந்ததும் 60, ஓட்டிக் காட்டியதும் 10. ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் போடுகிறார்கள், அதில்தான் ஓட்டையும் இருக்கிறது. அந்த 60 கைக்கு வர மெட்டீரியல் வந்தால் போதும், கட்டடம் தேவையில்லை. எங்களுக்கு மேல்தளக் கான்கிரீட்டே போடாத நேரத்தில் காண்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது. "செம்பு விலை ஏறிட்டே போகுதுங்ண்ணா. கம்பெனில இருந்து இப்பவே எடுத்தாகோணும்." இறக்க இடமில்லையே என்றதற்கு, "அதப் பத்திக் கவலையே படாதீங்ண்ணா, நம்ம குடோன்லயே வெச்சுக்கலாம். மாச வாடகை மட்டும் பார்த்துக் குடுத்துருங்க" என்றார். வாடகை பில் ஜி.எஸ்.டி.யோடு மாதம் தவறாமல் வந்தது. மூடிய குடோனில் இருப்பு வைத்த வகையில் என்று அதில் எழுதச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தேன். பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

ஐப்பசி மழை பிடித்த சமயம். சூலூர்ப் பக்கம் நூல் ஏற்றப் போன எங்கள் டிரைவர் தம்பி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். "அண்ணா, நம்ம கம்பெனிப் பேரு ஒட்டுன பொட்டியெல்லாம் ரோட்டோரமா கெடக்குதுங்." குடோன் இருந்தது உண்மைதான், ஆனால் உள்ளே வேறு சரக்கு. நம் மெஷின் பின்னால் இருந்த காலி இடத்தில், வெறும் மண்மேல், நீலத் தார்ப்பாய்க்கு அடியில். ஒரு பெட்டியின் மேல் இன்னொன்று அடுக்கியிருந்தது.

கேட்டால், "கம்பெனி கவரோட தானுங்ண்ணா இருக்குது, தண்ணி எப்படிப் போகும்?" என்கிறார். அந்தக் கவர் லாரியில் வரும் தூரத்துக்கானது. மாதக்கணக்கில் அதற்குள் விட்டால் பகல் வெயிலில் உள்ளே புழுங்கி, ராத்திரி குளிரில் தகட்டின் மேல் நீர் முத்துமுத்தாக நிற்கும். ஜி.ஐ. தகடு (துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்புத் தகடு) காற்றோட்டம் இல்லாமல் ஈரமாகவே கிடந்தால் வெள்ளைத் துரு பிடிக்கும். எங்கள் பெட்டிகளின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு தடவியது போலிருந்தது. தார்ப்பாயும் அப்படித்தான், தரைவரை இழுத்துக் கட்டக் கூடாது, காற்றுப் போக வழி விட்டுப் பந்தல் மாதிரி கட்ட வேண்டும். அடியில் கட்டை கொடுத்து மட்டமாக வைக்க வேண்டும். சரியாகச் சொன்னால் இதெல்லாம் வெளியில் வைத்தே தீர வேண்டிய நிலைமைக்கு. நாங்கள் பணம் கட்டியது கூரைக்கு அடியில் வைக்க.

அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஃபேன் ஷாஃப்டை மாதம் ஒரு தடவையாவது கையால் சுற்றி வேறு நிலையில் நிறுத்த வேண்டும், பெல்ட்டைத் தளர்த்தி வைக்க வேண்டும். மெஷினோடு வரும் புத்தகத்தில் இருப்பதுதான் இது. ஒரே நிலையில் நின்றால் ஃபேனின் எடை முழுவதும் பேரிங்கின் அதே குண்டுகள் மேல் உட்காரும். பக்கத்தில் லாரி போகும் அதிர்வும் சேர்ந்தால் குண்டு உட்கார்ந்த இடத்தில் தடம் விழுந்துவிடும். ஓடும்போதுதான் கரகர என்று தெரிய வரும். சுற்றிய தேதி எழுதிய ரெக்கார்டைக் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார் அவருடைய சூப்பர்வைசர். காயில் பைப் வாயில் இருந்த மூடி இரண்டில் இல்லை, குளவி மண்கூடு கட்டியிருந்தது. எலி ஒரு ஃபில்டரைக் கடித்து மெத்தை போட்டிருந்தது. இரண்டு மோட்டாருக்கு மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்தால் ஒரு மெகா ஓம் கூடக் காட்டவில்லை.

பிறகு எங்கள் கட்டடத்தில் இறக்கின கூத்தை நீட்டவில்லை. ஹைட்ரா கிரேன் வந்தது, மேலே குறுக்குச் சட்டம் இல்லாமல் தூக்குப் பெல்ட்டை நேராகப் போட்டுத் தூக்கினார்கள், ஒரு பெட்டியின் மேல் விளிம்பு உள்ளே அமுங்கியது. நான்கையும் போட்டோ எடுத்து, சேதத்தைச் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் உள்ளே விட்டேன். அதற்குக் காண்ட்ராக்டருக்கு முகம் மாறிவிட்டது.

அடுத்து அடித்தளம். ஃபவுண்டேஷன் டிராயிங் கேட்டுக் கேட்டு வரவே இல்லை. "அது சிவில் வேலைங்ண்ணா, ஆனா நம்ம மேஸ்திரிய விட்டே பண்ணிக் குடுத்தர்றோம்" என்று அதற்கும் தனி பில். மேஸ்திரி ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு மேடை போட்டுவிட்டுப் போனார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. காயிலில் வழியும் தண்ணீர் எப்படி வெளியேறும் என்று யாரும் யோசிக்கவில்லை. இந்த வகையில் ஃபேன் காயிலுக்குப் பின்னால் இருப்பதால், அந்தத் தண்ணீரைப் பிடிக்கும் ட்ரே இருக்கும் அறைக்குள் இழுப்பு இருக்கும். வெறும் பைப்பை மாட்டினால் ஃபேன் அந்த வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும், தண்ணீர் ட்ரேயிலேயே நிற்கும். யூ வளைவு வைத்து அதில் தண்ணீர் நிற்க வேண்டும். உள்ளே இழுப்பு 50 மி.மீ. தண்ணீர் அளவு என்றால், வளைவு முடிந்து தண்ணீர் வெளியேறும் வாய் ட்ரே வாயைவிட ஒரு 75 மி.மீ. ஆவது கீழே இருக்க வேண்டும், வளைவு அதற்கும் கீழே இறங்க வேண்டும். ரெண்டு இஞ்ச் மேடையில் அதற்கு இடமே இல்லை. முதல் நாள் ஓட்டியபோது மெஷின் ஓடும்வரை ஒன்றும் வரவில்லை, நிறுத்தியதும் தேங்கின தண்ணீர் மொத்தமாக வழிந்து செக்கிங் ஹால் சீலிங்கில் இறங்கியது. கீழே தைத்த பீஸ் அடுக்கியிருந்தோம்.

போதாததற்கு, இரண்டு மெஷினில் காயிலை வெளியே உருவும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது. காயில் நீளத்துக்கு எதிரே காலி இடம் வேண்டும். நாளைக்கு அது ஓட்டையானால் சுவரை உடைக்கிறதா, மெஷினைப் பிரிக்கிறதா என்று முடிவெடுக்க வேண்டும்.

வாரண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்ட ஆரம்பித்ததில் இருந்து 12 மாதம், அல்லது மெஷின் தயாரித்த கம்பெனியில் இருந்து அனுப்பியதில் இருந்து 18 மாதம், எது முந்துகிறதோ அது. இந்தத் துறையில் வழக்கமாக எழுதும் வரிதான். மெஷினை முன்கூட்டியே எடுத்துக் குடோனில் போட்டால் அந்த 18 ஓட ஆரம்பித்துவிடும். எங்களுக்கு ஓட்டிப் பார்க்கும்போதே பெரும்பகுதி தீர்ந்திருந்தது. மிச்சத்துக்கும் கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, சரியாக இருப்பு வைக்காததால் வந்த சேதம், வாரண்டியில் சேராது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார். 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார், சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்கிறவருக்குத்தான் விலக்கு. 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள வணிகத் தகராறு என்றால் வணிக நீதிமன்றம், அவசர இடைக்கால நிவாரணம் எதுவும் கேட்காவிட்டால் அதற்கு முன்னால் சமரசப் பேச்சு கட்டாயம். சரி என்று அந்த வழியில் நோட்டீஸ் விட்டோம். வாடகை பில்லையும் டிரைவர் தம்பியின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பேச்சு கொஞ்சம் இறங்கி வந்தது. மோட்டார் இரண்டையும் பேரிங்குகளையும் காண்ட்ராக்டர் தன் செலவில் மாற்றினார், கட்டின வாடகையைக் கடைசி 10 சதவீதத்தில் கழித்துக்கொண்டோம். மேடையை உடைத்து உயர்த்தின செலவும் நனைந்த பீஸும் எங்கள் தலையில்தான். காயில் மேல் இருக்கும் மெல்லிய தகடுகள் (ஃபின்) தேய்ந்ததற்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்போது பெருந்துறைப் பக்கம் ஒரு பெரிய ஷெட்டுக்கு இதே ஆள் கொட்டேஷன் கொடுத்திருப்பதாகக் கேள்வி. அது உங்களுடையதாக இருந்தால், 60 சதவீதத்தை மெட்டீரியல் வந்ததும் என்று போடாமல் மேடையில் ஏற்றியதும் என்று மாற்றச் சொல்லுங்கள். ஃபவுண்டேஷன் டிராயிங் கைக்கு வராமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள். குடோன் பேச்சு வந்தால் அன்றைக்கே வண்டியெடுத்துப் போய்ப் பாருங்கள். திங்கட்கிழமை வாங்க என்பார்.