குழந்தையின் கரப்பானுக்கு எது: குளோபெட்டசாலா, ஹைட்ரோகார்ட்டிசோனா, டாக்ரோலிமஸா?

எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ள குழந்தைக்கு இந்த மூன்றில் எதைப் பூசினாலும் அரிப்பு தணியும். தோலுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம்.

குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு, அதாவது தோலின் அழற்சியை அடக்கும் மருந்து. வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. சில நாட்களிலேயே சிவப்பு அடங்கிவிடும். எனக்குப் பயம் தருவதும் அதுதான். போன தடவை கேட்டதே என்று அதே ட்யூபை மறுபடி மறுபடி எடுக்கத் தோன்றும். வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், நிறம் வெளுக்கும். இவை ஓரளவு சரியாகலாம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் விழும் வரித்தழும்பு முழுதாக மறையாது. குழந்தைகளுக்கு எடையோடு பார்த்தால் தோல் பரப்பு அதிகம் என்பதால் மருந்து ரத்தத்திலும் கூடுதலாகக் கலக்கும். உடலுக்குள் இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி மந்தமாகி, முகம் உப்பி, வளர்ச்சியே தடைபடலாம். டயப்பருக்குள் பூசுவது, பூசிவிட்டு இறுக்கிக் கட்டுவதற்குச் சமம்; மருந்து இன்னும் அதிகமாக உள்ளே போகும். இடமும் முக்கியம்: முன்கைத் தோல் 1 பங்கு ஸ்டீராய்டை உறிஞ்சினால் நெற்றி 6 பங்கும் தாடை 13 பங்கும் உறிஞ்சும்.

ஹைட்ரோகார்ட்டிசோன் 1% சாதுவான ஸ்டீராய்டு. முகத்துக்குச் சில நாள் பூசலாம். ஆனால் தடித்துப்போன கரப்பானுக்கு அது போதாது.

அதற்காக வீரியத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 2002இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், லேசான, நடுத்தரக் கரப்பான் உள்ள குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு பீட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டை 3 நாள் மட்டும் பூசினார்கள். இன்னொரு பிரிவுக்கு ஹைட்ரோகார்ட்டிசோனை 7 நாள். 18 வாரம் கழித்துப் பலன் ஒன்றுதான்; தோல் மெலிவிலும் வித்தியாசமில்லை.

டாக்ரோலிமஸ் ஸ்டீராய்டே இல்லை, தோலை மெலிய வைக்காது. கண் இமைக்கு என் ஓட்டு இதற்கே. 2 வயதுக்கு மேல் 0.03% தருவார்கள். முதல் சில நாள் எரியும், குழந்தை அழும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2006இல் அமெரிக்காவில் இதன்மேல் புற்றுநோய் எச்சரிக்கை ஏறியது. பிறகு குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில் அந்தப் பயம் உறுதிப்படவில்லை.

சரி, எதை எடுப்பது? முகம், இமை, இடுக்குகளுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது டாக்ரோலிமஸ். கை காலில் தடித்த இடத்துக்கு, டாக்டர் நாள் கணக்குச் சொல்லித் தரும் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு. குளோபெட்டசாலைத் தோல் டாக்டர் நேரில் பார்த்துச் சொல்லாமல் தொடவே வேண்டாம்.