களைக்கொத்தா, மூடாக்கா, மருந்தா?

வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்க எது நல்ல வழி என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, அங்கே முளைத்திருப்பது என்ன களை என்றுதான். சாரணை, குப்பைமேனி, பார்த்தீனியம் ஆகியவை விதையால் பெருகுபவை. கோரையும் அருகம்புல்லும் மண்ணுக்கடியில் உயிரைப் பதுக்கி வைத்திருப்பவை. முதல் வகையை அடக்கும் வழி இரண்டாம் வகையிடம் செல்லாது.

கத்தரி, தக்காளி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்குதான் சிறந்தது. சருகோ வைக்கோலோ மூன்று, நான்கு அங்குலம் பரப்பினால் வெளிச்சம் மண்ணைத் தொடாது. விதைக்களைகளில் பெரும்பாலானவை தலைகாட்டாது. கோடையில் ஈரமும் நிற்கும். வைக்கோலில் நெல்மணி ஒட்டியிருந்தால் அதுவே முளைத்துவிடும், உதறிப் போடுங்கள். செடியின் தண்டை ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். கரையான் உள்ள மண்ணில் அடிக்கடி விலக்கிப் பார்க்க வேண்டும்.

கோரை வேறு கதை. அதன் ஊசிமுனைத் துளிர் பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். கையால் இழுத்தால் இலை மட்டுமே வரும். கிழங்குகள் சங்கிலிபோல் தொடர்ந்து கிடக்கின்றன. மண்வெட்டியால் கொத்திப் புரட்டினால் சங்கிலி அறுந்து, அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தை ஆழமாக இறக்கி, கிழங்கோடு பெயர்த்தெடுப்பதே சரி. தப்பியவை துளிர்க்கும், இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் கிழங்கின் சேமிப்பு கரையும். எடுத்ததை எருக்குழியில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது என்பதால், அந்த இடத்தில் சர்க்கரைவள்ளியோ பூசணியோ படரவிடுவது நல்ல துணை.

காலிப் பாத்திக்கு சித்திரை வெயிலும் ஒரு கருவி. மண்ணை நனைத்து, கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளை இறுக்கமாக விரித்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணின் விதைகள் வெந்து போகும். ஆழத்துக் கோரைக்கிழங்குக்கு இது போதாது.

மருந்துக்கு வருவோம். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி இலை வழியே இறங்கி வேர்வரை செல்லும் என்பது உண்மை. ஆனால் களை எது, கத்தரி எது என்று அதற்குத் தெரியாது. காற்றில் சாரல் பட்டாலே செடி கருகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் இதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. குழந்தைகள் கீரை கிள்ளும் பாத்தியில் இதைத் தெளிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உப்பும் வினிகரும் கலந்து ஊற்றச் சொல்லும் யோசனை இவை எல்லாவற்றையும்விட மோசம். வினிகர் இளந்தளிரை மட்டும் கருக்கும், கிழங்கைத் தொடாது. உப்போ மண்ணிலேயே தங்கும். களை போன பிறகும் அந்த இடத்தில் விதைத்த தண்டங்கீரை வெளிறிச் சுருங்கி நிற்கும்.